இருபது தடவை ‘மாடு’ எழுதிய பிள்ளை: சைகை மொழியும் எழுத்தறிவும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ‘மாடு’ என்று இருபது தடவை எழுதியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, என்ன இது என்று கையை விரித்துக் கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்து இருபத்தொன்றாவது தடவையாக ‘மாடு’ என்று எழுதினாள்.

பத்தடி தள்ளித் தொழுவத்தில் மாடு நின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் அதற்குப் புல் போடுவது அவள்தான். அந்த மாட்டுக்கு ஒரு கொம்பு வளைந்திருக்கும். அதனால் காதுக்கு மேலே ஒரு விரலை வளைத்து வைத்தால் அது ‘நம்ம மாடு’ என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சைகையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஆக மாடு அவள் மனதில் இருந்தது, சைகை கையில் இருந்தது, எழுத்து நோட்டில் இருந்தது. மூன்றையும் முடிச்சுப் போட்டுக் கொடுக்க யாரும் இல்லை. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவள் இல்லை, அக்கா மகளுக்காகத் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் இந்த வழியில் காலடி எடுத்து வைக்கும் பெற்றோர் யாருக்காவது உதவினால் போதும்.

முதலில் சைகை மொழி என்றால் என்னவென்று பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. பேச்சு வராதவர்கள் கையை ஆட்டிச் சமாளிப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1960இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கோ என்ற பேராசிரியர், அங்குள்ள காது கேளாதோரின் சைகைகளைக் கூர்ந்து பார்த்து, கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் விதம் என்று சின்னச் சின்ன உறுப்புகளாக அவை பிரியும் என்று காட்டினார், நம் பேச்சு ஒலி ஒலியாகப் பிரிகிறதே அதுபோல. 1970களில் ஜேம்ஸ் உட்வர்டும், சிறுவயதில் கேட்கும் திறனை இழந்த மதன் வசிஷ்டாவும் நம் நாட்டில் பயன்படும் சைகைகளை ஆராய்ந்தார்கள். இன்றைக்கு இந்தியச் சைகை மொழி என்று நாம் சொல்வது தமிழையோ இந்தியையோ கையால் காட்டுவது அல்ல; அது தனி மொழி, அதற்குத் தனி இலக்கணம் உண்டு.

அந்த இலக்கணத்தில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்: உன் பெயர் என்ன, என்ற வரிசை. ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்று மறுப்பதும் கடைசியில்தான் வரும். நமக்கு இது அந்நியமாகவே தெரியாது! ‘நான் கொடுத்தேன்’, ‘நீ கொடுத்தாய்’ என்பதற்கு விகுதி ஏதும் கிடையாது, கொடுக்கும் கை யாரிடமிருந்து யாரை நோக்கி நகர்கிறதோ அதிலேயே யார் யாருக்கு என்பது வந்துவிடும். நேற்றா நாளையா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு மேலே போவார்கள். புருவத்தை உயர்த்தினால் அது ஆமாவா இல்லையா என்று கேட்கும் கேள்வி. முகமும் இலக்கணத்தில் சேர்த்திதான், அதனால் காது கேளாதோர் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தால் பாதி புரியாது.

சரி, இதற்கும் எழுதப் படிக்க வருவதற்கும் என்ன சம்பந்தம்?

காது கேட்கும் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது ஏற்கெனவே தமிழ் தெரிந்துதான் உட்காருகிறது. பால், சோறு, நாளைக்கு ஊருக்குப் போகலாம், அவன் என்னை அடித்தான், எல்லாம் அதற்குத் தெரியும். டீச்சர் செய்வதெல்லாம், தெரிந்த சொல்லை எழுத்தோடு கோத்துக் கொடுப்பதுதான். ப், ஆ, ல் என்று கூட்டி வாசித்தால் ‘அட, பால்!’ என்று மண்டையில் மணி அடிக்கும். காது கேளாத குழந்தைக்குக் கூட்டி வாசிக்க ஒலி இல்லை. அதைவிடப் பெரிய கஷ்டம், கோத்துக் கொடுக்கப் பின்னால் ஒரு மொழியே இல்லை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள்தான். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது, குழந்தைக்கு அவர்கள் பேச்சு எட்டாது. வீட்டுக்குள் உருவாகும் முப்பது நாற்பது சைகைகளை வைத்துப் பசி, தூக்கம், மாடு, மாமா என்று ஓட்டிவிடலாம், ஆனால் ‘ஏன்’, ‘எப்போது’, ‘ஒருவேளை மழை வந்தால்’ என்பதற்கெல்லாம் அதில் இடம் பத்தாது.

மூளை மொழியை ஆசையாக வாங்கிக்கொள்ளும் வயது முதல் நான்கைந்து வருடங்கள். அந்த வருடங்கள் மொழி இல்லாமல் போனால், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்த இடம் முழுதாக நிரம்புவது கடினம். நான் இதை மொழிப் பட்டினி என்று சொல்வேன். எங்கள் பாப்பா எழுதிய இருபது ‘மாடு’ அந்தப் பட்டினியில் எழுதியது. அவளுக்கு அது ஒரு கோலம். புள்ளி பார்த்து அச்சு அசலாகப் போட்டாள், அவ்வளவுதான்.

உடனே ஒரு கேள்வி வரும், காதுக்கு மெஷின் வைத்தால் சரியாகிவிடாதா என்று. கேரளத்தில் ‘ஸ்ருதிதரங்கம்’ என்ற திட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, இரண்டிலும் சின்னக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் காக்ளியர் கருவி வைக்கிறார்கள். நிறையப் பிள்ளைகள் அதனால் கேட்கவும் பேசவும் செய்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது. பொருந்தினாலும் வைத்த மறுநாளே காதில் தமிழ் விழாது, வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். எல்லையோரக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஆஸ்பத்திரி கோயமுத்தூரில், ரேஷன் கார்டு கேரளத்தில், திட்டங்களோ அந்தந்த மாநிலத்துக்காரர்களுக்கு. கருவிக்காகக் காத்திருக்கலாம், மொழியைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கருவி வைத்த குழந்தைக்கும் சைகை கெடுதல் செய்யாது.

‘கை காட்டிப் பழகுனா அப்புறம் வாய்ப்பேச்சே வராது சாமி’ என்று எங்கள் தெருப் பெரியம்மா அக்காவிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், படித்தவர்களே இதைத்தான் நூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோருக்கான ஆசிரியர்களின் மாநாடு ஒன்று நடந்தது. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்பவர்கள். பள்ளிகளில் சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சை மட்டுமே கற்றுத்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் பிள்ளைகள் கையைப் பயன்படுத்தினால் அடி விழுந்தது. அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆக வேண்டியிருந்தது, கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாட்டில். அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் பாப்பா முதலில் போன பள்ளியிலேயே கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார் என்றுதான் உட்கார வைத்தார்கள். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். பாலும் மாலும் உதட்டில் ஒன்றே. அவள் எதைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வாள்?

சைகை படிப்பைக் கெடுக்காது என்பதற்கு நெடுநாளாகத் தெரிந்த சான்று ஒன்று உண்டு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்த நாளிலிருந்தே சைகை மொழியில் வளரும் காது கேளாத குழந்தைகள், மற்ற காது கேளாத குழந்தைகளைவிடப் பொதுவாக வாசிப்பில் முன்னால் நிற்கிறார்கள். சைகை மொழி எவ்வளவு திடமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எழுத்தும் பிடிபடுகிறது. ஒரு மொழி உள்ளே உட்கார்ந்துவிட்டால், இரண்டாவது மொழியை அதன் தோளில் ஏற்றிவிடலாம். காது கேளாத குழந்தைக்குச் சைகை முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. இருமொழிக் கல்வி என்பார்கள்.

நடைமுறையில் எப்படி? எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குக் காது கேட்காது. பாப்பாவுக்கு மொழி கிடைத்தது அவரிடமிருந்துதான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. முதல் ஆறு மாதம் அவர் எழுத்துப் பக்கமே போகவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்: யார் வந்தார், எந்தத் துணி யாருடையது, நேற்று ஏன் வரவில்லை, நாளைக்கு என்ன. என் அக்காவுக்கு ஒரே கவலை, பிள்ளை படிக்கவே இல்லையே என்று. அதுதான் படிப்பு என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

எழுத்து வந்தது கதையோடு. அவர் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்போம். அவர் எதிரில் உட்கார வைத்தார், முகம் தெரிய வேண்டுமே. புத்தகத்தை இருவருக்கும் நடுவில் சாய்த்து வைத்தார். பாப்பா படத்தைப் பார்த்து முடிக்கும்வரை கையைத் தூக்கவே இல்லை, காத்திருந்தார். காது கேட்கும் குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டே கதை கேட்கும், இவளுக்கு இரண்டும் கண் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் முறை வைத்துத்தான் போகும். அவள் நிமிர்ந்ததும் சைகையில் அந்த இடத்தைச் சொன்னார், உடனே அதே சொல்லின் மேல் விரலை வைத்தார், அப்புறம் அவள் உள்ளங்கையில் அந்தச் சொல்லை எழுதினார், மறுபடியும் சைகை. சைகை, எழுத்து, படம், திரும்பவும் சைகை என்று சங்கிலியாகக் கோப்பது. சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் விரலெழுத்து தெரிந்த இடங்களில் நடுவில் அதுவும் ஒரு கண்ணியாகச் சேரும். ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கையாலும் காட்டும் விரலெழுத்து இங்கே நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது, மலையாள எழுத்துகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள, பேச்சு, கேட்டல் துறைக்கான ‘நிஷ்’ நிறுவனம் 2021இல் ஒரே மாதிரியான விரலெழுத்தை உருவாக்கி வெளியிட்டது.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். பாப்பா ‘மரம்’ என்ற சொல்லைப் பழகிவிட்டாள். படம் காட்டினால் எழுதுவாள், எழுதிக் காட்டினால் சைகை செய்வாள். அடுத்த வாரம் கதையில் ‘காகம் மரத்தில் உட்கார்ந்தது’ என்று ஒரு வரி வந்தது. அவள் வரி முழுக்க ‘மரம்’ தேடினாள். இல்லை! உண்மையிலேயே இல்லை, நீங்களே பாருங்கள். மரத்தை, மரத்துக்கு, மரத்தில், மரத்திலிருந்து, எதிலும் கடைசி ‘ம்’ கிடையாது. மாடும் அப்படித்தான், வாக்கியத்துக்குள் வந்ததும் மாட்டை, மாட்டுக்கு, மாட்டின் என்று ஆகிவிடுகிறது. நமக்குக் காது பழகியிருப்பதால் இது உறுத்துவதே இல்லை. சொல்லைக் கண்ணால் மட்டும் பிடித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு ‘மரத்தில்’ என்பது புத்தம் புதிய சொல். ‘சொல்லிக் கொடுத்தா மறந்துடறா’ என்று டீச்சர்கள் சலித்துக்கொள்வதில் பாதி இதனால் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் மறக்கவில்லை, சொல்தான் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

தையல்கார அக்கா அன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன். இடது கையை மரமாக நிறுத்திவைத்தார். வலது கை காகம். அது பறந்து வந்து மரத்தின் மேல் உட்கார்ந்தது. அந்த உட்கார்ந்த இடத்தைக் கண்ணால் சுட்டிவிட்டு, புத்தகத்தில் ‘தில்’ என்பதன் கீழே துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு காகம் மரத்தைவிட்டுக் கிளம்பியது, ‘திலிருந்து’ என்று எழுதி அதற்கும் ஒரு கோடு. அப்புறம் தூரத்திலிருந்து மரத்தை நோக்கி வந்தது, ‘துக்கு’. நம் இலக்கணப் புத்தகத்தில் வேற்றுமை, அதன் உருபு என்று அடுக்கி வைத்திருப்பதை, அவர் ஒரு கையையும் ஒரு காகத்தையும் வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டார். சைகை மொழி இடத்தை வைத்துப் பேசும் மொழி, அதனால் இது அதற்குக் கைவந்த கலை. பாப்பா அன்று வீட்டுக்கு வந்து டம்ளரை மேசையில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், ஒவ்வொரு தடவையும் விரலால் மேசையில் எதையோ எழுதினாள்.

ஒன்றைத் தவிர்க்க வேண்டும். தமிழின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு செயற்கைச் சைகை உண்டாக்கி, வாயால் பேசும் வாக்கியத்தை அப்படியே வரிசை மாறாமல் கையில் காட்டினால் எளிதாக இருக்குமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அது தமிழாகவும் இருக்காது, சைகை மொழியாகவும் இருக்காது. பார்க்கும் குழந்தைக்குக் கண் வலிக்கும். இரண்டு மொழி என்றால் இரண்டையும் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து, எந்தச் சைகை மொழி? உலகம் முழுக்க ஒரே சைகை மொழி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. காது கேளாத மனிதர்கள் எங்கே கூடி வாழ்கிறார்களோ அங்கே ஒன்று முளைக்கிறது. மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் 1970களின் கடைசியில் சிறப்புப் பள்ளி திறந்தபோது, அவரவர் வீட்டுச் சைகையோடு வந்த பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் சேர்ந்து புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள், யாரும் சொல்லித்தரவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கர்நாடகத்தின் கௌரிபிதனூர் பக்கம், ஆந்திர எல்லையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில், அலிப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. பரம்பரையாகக் காது கேளாமை அதிகம் உள்ள ஊர். அங்கே ஊருக்கென்றே ஒரு சைகை மொழி உண்டு, காது கேட்கும் அக்கம்பக்கத்தாரும் அதில் பேசுவார்கள். சிபாஜி பாண்டா என்ற காது கேளாத மொழியியலாளர் அதை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்.

மண்ணில் முளைத்த இந்தச் சைகைகளை என்ன செய்வது என்பது முக்கியமான கேள்வி. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. அவர்கள் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. அது பெரிய காரியம், நானே தினமும் அதன் வீடியோக்களைப் பார்த்துத்தான் பழகுகிறேன். நாடு முழுக்க ஒரு பொது மொழி இருந்தால் பாடப் புத்தகம் தயாரிக்கலாம், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், வேலைக்கு எங்கே போனாலும் பேச ஆள் இருக்கும். ஆனால் அந்த அகராதியில் எங்கள் வீட்டு வளைந்த கொம்பு மாடு இருக்காது, பால் சொசைட்டி இருக்காது. 2020ஆம் வருடத்துத் தேசியக் கல்விக் கொள்கையே, இந்தியச் சைகை மொழியை நாடெங்கும் தரப்படுத்துவது பற்றிச் சொல்லும் அதே இடத்தில், உள்ளூர்ச் சைகை மொழிகளை மதித்து, முடிந்த இடங்களில் அவற்றையும் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. என் கருத்தும் அதுதான். குழந்தை கையில் ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறதோ அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைத் திணித்தால், மறுபடியும் ‘கையைக் கட்டு’ கதைதான். தையல்கார அக்கா வளைந்த விரலை மாற்றச் சொல்லவே இல்லை. மாடு என்பதற்குப் பொதுச் சைகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இது எல்லா மாடும், அது உங்கள் மாடு என்று பிரித்துக் காட்டினார். பிள்ளைக்கு ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொல் கிடைத்தது.

எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்குப் பொதுச் சைகை மொழியால் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. இங்கே வீட்டில் தமிழ், கடை போர்டில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் சேர்த்து மூன்று லிபி. காது கேளாத பிள்ளையைப் பாலக்காட்டுப் பக்கம் சேர்த்தால் மலையாளம், கோயமுத்தூர் பக்கம் சேர்த்தால் தமிழ், இடையில் மாற்றினால் எழுத்து முதலிலிருந்து. ஆனால் கை மொழி, எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டினால் மாறிவிடாது. சில சைகைகள் வேறுபடும், நம் ஊருக்கு ஊர் பேச்சு மாறுவது மாதிரி, அவ்வளவுதான். பொள்ளாச்சிக்காரரும் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரரும் பஸ் ஸ்டாண்டில் நின்று கையால் அரட்டை அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ், மற்றவருக்கு மலையாளம்.

வசைச்சொல்லும் இரண்டு பக்கமும் இருக்கிறது. மலையாளத்தில் ‘பொட்டன்’ என்றால் காது கேளாதவன் என்றும் முட்டாள் என்றும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். தமிழில் ‘ஊமை’ என்கிறோம், தன் மொழியில் நாள் முழுக்கப் பேசும் பிள்ளையைப் பார்த்து. தயவுசெய்து அந்தச் சொற்களை விட்டுவிடுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கேட்கும் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. பள்ளிப் பாடப் புத்தகங்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2021இலிருந்து தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சைகை மொழியையே ஒரு மொழிப் பாடமாக எடுக்கலாம். இதெல்லாம் நல்லது. ஆனால் வீடியோவுக்கு அந்தப் பிள்ளை கேள்வி கேட்க முடியாது. வகுப்பில் காது கேளாத ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் பி.எட். முடித்தவராக இல்லாமல் தையல்காரராக இருந்தாலும் பரவாயில்லை, டீச்சருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். தான் வளர்ந்தால் யாராக இருப்பேன் என்று பிள்ளை பார்ப்பதற்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா?

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், டாக்டரைப் பார்ப்பதோடு சேர்த்து, சுற்று வட்டாரத்தில் காது கேளாத பெரியவர் யார் என்று இன்றைக்கே விசாரியுங்கள். மாவட்டத் தலைநகரில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களும் சைகை கற்றுக்கொள்ளுங்கள், தப்பும் தவறுமாகவாவது. குழந்தை காட்டும் வீட்டுச் சைகைகளை ஒரு நோட்டில் குறித்து வைத்து டீச்சரிடம் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது அவளுக்கும் சொல்லுங்கள், ‘அப்புறம் சொல்றேன்’ என்று கையை அமர்த்திவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் நெடுநாள் செய்தோம், இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் ஒரு விடியற்காலை அக்கா பால் கறக்க எழுந்தபோது, தொழுவத்துக் கதவில் தினசரி காலண்டர் தாள் ஒன்று செருகியிருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘அம்மா கன்னு கயிறு அவுந்து. மாட்டு பால் குடி. பால் இல்ல.’ உருபும் விகுதியும் பாதி காணோம், ஆனால் ‘மாட்டு’ என்று சரியாக எழுதியிருந்தாள். அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய் அவளை எழுப்பி, புருவத்தை உயர்த்தி, எல்லாத்தையும் குடிச்சிருச்சா என்று கையால் கேட்டாள்.